வீட்டுச் சேவையகமும் தரவுக் காப்பும்

பனையோலையில் எழுதப்பெற்ற பண்டை நூல்கள் இன்று நமக்குக் கிடைத்திருப்பதற்கு ஓலையின் உறுதி காரணமன்று. செல்லரிப்பதற்கு முன்னரே ஒவ்வொரு தலைமுறையினரும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வந்தமையே காரணமாகும். ஏடு அழியுந் தன்மையது; படியெடுக்கும் வழக்கமே நூலைக் காத்தது. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

குடும்ப ஒளிப்படங்கள், காணி உறுதிகளின் படிகள், முதியோரின் குரற்பதிவுகள், மாணவர் குறிப்புக்கள் முதலியவற்றை வீட்டுச் சேவையகம் ஒன்றிற் சேர்த்துவைப்போர் இன்று பலர். வீட்டிலுள்ள ஏனைய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அணுகுமாறு எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியே சேவையகமாகும். அதன் உயிர்நிலை வன்வட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த முதல் வன்வட்டுப் பொறி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே ஏற்றது. இன்று கையடக்கமான ஒரு வட்டு பல இலட்சங்கோடி எழுத்துக்களை ஏற்கின்றது. எனினும், கொள்ளளவு வளர்ந்ததேயன்றி அழியாமை வந்திலது.

வட்டுக்கள் பலவாகுமிடத்து அவற்றை ஒழுங்குபடுத்தல் வேண்டும். லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகளில், பல வட்டுக்களை ஒரு பெருங் களஞ்சியமாகச் சேர்த்து, அதனைத் தேவைக்கேற்பச் சேமிப்புத் தொகுதிகளாகப் பகுத்துக்கொள்ளலாம். இடம் போதாதாயின் புதிய வட்டொன்றைச் சேர்த்துத் தொகுதியை விரிக்கலாம். ஆயின், பாதுகாப்பு ஏதுமின்றி வட்டுக்களை வெறுமனே தொடுத்துவிட்டால், அவற்றுள் ஒன்று பழுதுறினும் தொகுதி முழுவதுமே கெடக்கூடும்.

இக்குறையை நீக்க எழுந்ததே 'றெயிட்' எனப்படும் வட்டு அணி முறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை இதன் வகைகளை வரையறுத்தது. ஒரே தரவை இரு வட்டுக்களில் எழுதுதல் ஒரு வகை. இன்னொரு வகையில், ஒத்த இடங்களிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்பொழுதும் இரட்டையாகுமாறு ஒரு சரிபார்ப்பு இலக்கமும் உடனெழுதப்படும். முதல் வட்டில் 1 உம் இரண்டாவதில் 0 உம் இருப்பின் மூன்றாவதில் 1 எழுதப்படும். முதல் வட்டு அழிந்தால், எஞ்சிய 0, 1 ஆகியவற்றைக் கொண்டு இழந்தது 1 எனக் கண்டுகொள்ளலாம். 4 ரெறாபைற்று வட்டுக்கள் நான்கை இவ்வாறு அணியமைத்தால் 12 ரெறாபைற்று இடம் கிடைக்கும். ஒரு வட்டு பழுதுறினும் தரவு நிலைக்கும்.

இதனைக் கண்டு, இனி அச்சமில்லையெனக் கொள்வது பெருந்தவறு. வட்டு அணி, வட்டின் பழுதொன்றையே தாங்கும். வீட்டவர் தவறுதலாக அழித்த கோப்பை எல்லா வட்டுக்களிலிருந்தும் அக்கணமே அது அழித்துவிடும். தீ, வெள்ளம், மின்னல், களவு ஆகியன அணி முழுவதையும் ஒருங்கே கொண்டுபோம். கோப்புக்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரலுக்கும் அது தடையன்று. அணி என்பது தடையின்றி இயங்குதற்கு உதவுவது. காப்பு என்பது வேறு.

2005 ஆம் ஆண்டிற் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸெட்.எவ்.எஸ்.' என்னும் கோப்பு முறைமை, ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்து, ஓசையின்றி நேருஞ் சிதைவைக் கண்டறியும். குறித்த நேரத்து நிலைப்படங்களையும் பேணும். தவறுதலாக அழித்த கோப்பை அந்நிலைப்படத்திலிருந்து மீட்கலாம். ஆயினும் நிலைப்படமும் அதே வட்டுக்களிலேயே இருப்பதாதலின், அவை அழியின் தானும் அழியும்.

ஆகவே, மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்னும் விதி போற்றத்தக்கது. சேவையகத்தில் உள்ளது ஒன்று. படியெடுத்தபின் கழற்றிவைக்கும் புறவட்டில் ஒன்று. உறவினர் இல்லத்திலோ இணையவழிச் சேமிப்பகத்திலோ ஒன்று. அவற்றுள் ஒன்றேனும் வேறுவகைச் சாதனத்தில் இருத்தல் நன்று. படியெடுத்தலைக் கணினியே நாடோறுஞ் செய்யுமாறு அமைத்தல் வேண்டும். மனிதரின் நினைவை நம்புதல் ஆகாது. அவ்வப்போது சில கோப்புக்களை மீட்டுப் பார்த்தலும் இன்றியமையாதது. மீட்டுப் பாராத படி, உண்டென்று நம்பப்படும் படியேயன்றி உள்ளதென்று அறியப்பட்ட படியன்று.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறுதல் கூடும். ஒற்றைப்படியாய் இருந்த சுவடிகள் மீளா. அந்நூலகத்துக்கு நேர்ந்தது சிறு அளவில் எவ்வீட்டிற்கும் நேரலாம். பாட்டனாரின் குரலும் பழைய ஒளிப்படமும் ஒரே பெட்டியுள் இருக்குமாயின், அப்பெட்டி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அவை ஒற்றைப்படியே.