போரில் இருந்தார்கள், படத்தில் இல்லை

போர்ப் படத்தில் கறுப்பினத்தவரோ ஆசியரோ தென்பட்டால், ‘வலிந்து திணிக்கிறார்கள்’ என்ற குரல் உடனே எழுகிறது. 2019இல் வெளியான ‘1917’ படத்தில் ஒரு சீக்கிய வீரர் சற்று நேரம் வந்துபோனதற்கே பிரிட்டனில் சர்ச்சை கிளம்பியது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் திணிப்பு எங்கோ கொஞ்சம், நீக்கமோ ஏராளம். பிரான்ஸின் கதை இதற்கு நல்ல சான்று.

1944 ஆகஸ்ட் 15 அன்று தென் பிரான்ஸின் புரோவான்ஸ் கரையில் இறங்கிய பிரெஞ்சுப் படையில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் திரட்டப்பட்டவர்கள். அல்ஜீரியர், மொராக்கோவினர், செனகல் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாட்டினர், அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். துலோன், மார்சே நகரங்களை ஜெர்மானியரிடமிருந்து மீட்டது அந்தப் படைதான். குளிர்காலம் நெருங்கியதும் கறுப்பின வீரர்களை ஆயிரக்கணக்கில் போர்முனையிலிருந்து விலக்கி, அந்த இடங்களில் பிரெஞ்சு இளைஞர்களை நிறுத்தினார்கள். பனியைக் கறுப்பின வீரர்களால் தாங்க முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. நாட்டை மீட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்களே என்று காட்டவேண்டிய அரசியலும் அதில் இருந்தது. பாரிஸுக்குள் முதலில் நுழையும் பிரெஞ்சுப் பிரிவு வெள்ளையர் பிரிவாக இருக்கவேண்டும் என்று அமெரிக்க, பிரிட்டன் தளபதிகள் முன்பே வற்புறுத்தியிருந்தார்கள். ஆக, நாம் பார்க்கும் அன்றைய வெற்றி ஊர்வலக் காட்சிகளே ஆள் பொறுக்கி அமைத்தவை. அவற்றை மட்டும் நம்பிப் படமெடுப்பவர், தெரியாமலே அந்த நீக்கத்தைத் தொடர்கிறார்.

இதை உடைத்த படம், ரஷீத் பூஷாரெப் இயக்கிய ‘ஆந்திஜேன்’ (2006). ஆங்கிலத்தில் ‘டேஸ் ஆஃப் குளோரி’. வட ஆப்பிரிக்க வீரர்கள் இத்தாலி, புரோவான்ஸ் வழியாக அல்சாஸ் வரை போரிட்டுச் செல்லும் கதை. கப்பலில் சாப்பாட்டு வரிசையில் வெள்ளை வீரர்களுக்குத் தக்காளி கிடைக்கிறது, கறுப்பின வீரர்களுக்கு இல்லை. அதைக் கண்டு கொதித்துப்போன வட ஆப்பிரிக்க வீரன் அப்தெல்காதர் தக்காளியைத் தரையில் போட்டு மிதிக்கிறான். குண்டு யார் மீதும் பாயும், தக்காளி மட்டும் நிறம் பார்த்துத்தான் வரும் என்ற அநியாயத்தை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது. கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இதன் முதன்மை நடிகர்கள் ஐவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

படத்தில் குறையும் உண்டு. 1944இல் இத்தாலியக் கிராமங்களில் மொராக்கோப் படையினர் சிலர் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை அது பேசவில்லை. புறக்கணிக்கப்பட்டவர்களைத் திரைக்குக் கொண்டுவரும்போது அவர்களை அப்பழுக்கற்றவர்களாக்கத் தேவையில்லை. வீரத்தோடு குற்றத்தையும் காட்டினால்தான் அவர்கள் முழு மனிதர்களாகத் தெரிவார்கள்.

ஆனால் இந்தப் படம் செய்த காரியம் பெரியது. பிரான்ஸ் 1959இல் இயற்றிய ஒரு சட்டம், விடுதலை பெற்ற குடியேற்ற நாடுகளின் முன்னாள் படைவீரர்களுக்கான ஓய்வூதியத்தை அப்படியே உறைய வைத்திருந்தது. விலைவாசி ஏற ஏறப் பிரெஞ்சு வீரரின் தொகை உயர்ந்தது. பக்கத்தில் நின்று போரிட்ட அல்ஜீரியருக்கு அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியது. படத்தின் இறுதியில் எழுத்தாகவே இது சொல்லப்படுகிறது. அதிபர் ஜாக் சிராக் வெளியீட்டுக்கு முன்பே படத்தைப் பார்த்தார். படம் திரைக்கு வந்த 2006 செப்டம்பர் 27 அன்றே, ஏறத்தாழ 80,000 பேரின் போர் ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக உயர்த்தும் முடிவை அரசு அறிவித்தது. முன்னாள் வீரர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தது அது. கடந்துபோன ஆண்டுகளின் பாக்கி மட்டும் கிடைக்கவில்லை.

2023 ஜனவரியில் ஓமர் சீ நடித்த ‘திராயர்’ வெளியானது. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்ட செனகல் வீரர்களின் கதை. பிற்காலப் போர்களில் பிரான்ஸுக்காகப் போரிட்ட செனகல் முதியவர்கள் சிலர், முதியோர் உதவித்தொகையை இழக்காமலிருக்க ஆண்டில் பாதியைப் பிரான்ஸிலேயே கழிக்கவேண்டியிருந்தது. படம் வெளியான வேளையில் அந்த நிபந்தனையை அவர்களுக்குத் தளர்த்துவதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர்களில் ஒன்பது பேர் உதவித்தொகையை இழக்காமல் செனகலுக்கே திரும்பிச் சென்றார்கள்.