நுண்ணறிவு ஈவும் இறைச்சாயலும்

1905ஆம் ஆண்டு பாரிசில் ஆல்ஃபிரெட் பினே நுண்ணறிவுத் தேர்வை வகுத்தது, தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியவே. ஆனால் 2002இல் ரிச்சர்டு லின், டாட்டு வான்ஹானன் ஆகிய இருவர் 185 நாடுகளைச் சராசரி ஈவின்படி வரிசைப்படுத்தினர். அவற்றுள் 81 நாடுகளுக்கே தேர்வுத் தரவுகள் இருந்தன; ஏனையவற்றை அண்டை நாடுகளைக் கொண்டு மதிப்பிட்டனர். எக்குவடோரியல் கினிக்குத் தந்த 59, ஸ்பெயினில் வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளிடம் பெற்ற எண் என ஆய்வாளர் சுட்டிக்காட்டினர்.

அமெரிக்கரின் மதிப்பெண் 1932க்கும் 1978க்கும் இடையில் ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் நிறுவினார். மரபணுக்கள் அத்துணை விரைவில் மாறா; சூழலே மாறியது. ஆகவே இவ்வெண்களைக் கொண்டு எவ்வினத்தின் பிறவித் தகுதியையும் நாம் அளத்தல் இயலாது. ஆதியாகமம் 1:27 அறிக்கையிடும் இறைச்சாயலுக்குத் தரவரிசை இல்லை. குறைந்த எண்ணைக் காணுமிடத்து, அப்பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது யாது என வினவுவதே திருச்சபையாராகிய நம் கடமை.