கதீட்டர் பிடிக்கும் கை எங்கே பழகுகிறது?

அலுவிகாரையில், ஏ9 வீதியோரத் தேநீர்க் கடையில் அண்ணன் ஒருவர் கேட்டார்: "ஈரல்ல கட்டி வந்தா, தொடைப்பக்கம் ஊசி குத்தி, குழாய் வழியா மருந்தை அந்தக் கட்டிக்கே கொண்டுபோய் விடுவாங்களாமே. சரி, புதுசா பழகுற டொக்டர் அதை யார் மேல பழகுவாரு?" நோயாளியின் வீட்டார் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமலே விடும் கேள்வி இது. ஒரு பிளேன்டீ நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமுமல்ல. முதலில் அந்தச் சிகிச்சையைப் பார்த்துவிடுவோம்.

ஈரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் பெரிய நாளத்தின் வழியாகவும், கால் பங்கு ஈரல் நாடியின் வழியாகவும் வந்து சேர்கிறது. ஆனால் ஈரலில் உருவாகும் புற்றுக்கட்டி, தனக்கு வேண்டிய இரத்தத்தை அநேகமாக முழுவதும் நாடியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த நாடிக்குள் மருந்தை விட்டு, பிறகு அந்தக் கிளையை அடைத்தும்விட்டால், கட்டி மருந்திலும் பட்டினியிலும் சுருங்கும். மிச்ச ஈரல் நாளத்து இரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். வைத்தியர்கள் இதை 'டேஸ்' என்பார்கள். 1970களின் இறுதியில் ஜப்பானின் ஒசாகாவில் யமடா குழுவினர் தொடங்கிய முறை. தகுந்த நோயாளிகளுக்கு இது ஆயுளை நீட்டுகிறது என்று 2002இல் பார்சிலோனாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகள் காட்டின.

நம் நாட்டுக்கு இது தூரத்து விஷயமல்ல. ராகமயில் செய்து 2009இல் வெளியான ஆய்வில், நடுத்தர வயதினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அது முற்றினால் ஈரல் சுருக்கத்தில் போய் நிற்கும், சிலருக்குப் புற்றுநோயிலும்.

இனி வைத்தியரின் கையைக் கவனிப்போம். நாடியில் ஊசி ஏற்றி, ஊசிக்குள் மெல்லிய வயரை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, வயரின் மேல் கதீட்டரைச் செலுத்த வேண்டும். சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் வகுத்த ஒழுங்கு இது, இன்றும் மாறவில்லை. பெருநாடியில் ஏறி, வயிற்றுக்குப் பிரியும் கிளையில் திரும்பி, ஈரல் நாடிக்குள் புகுந்து, அங்கிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள மைக்ரோ கதீட்டர் கட்டியின் வாசல் வரை போக வேண்டும். வெளியே இரண்டு விரல் உருட்டுவதற்கு உள்ளே எங்கோ இருக்கும் முனை திரும்புகிறது. வைத்தியர் பார்ப்பது எக்ஸ்ரே திரையை மட்டுமே.

அந்தத் திரையில் எலும்பு தெரியும், இரத்தக் குழாய் தெரியாது. அலுவிகாரைக் குகைக்கோயிலில் ஓலையில் எழுதிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தாணியால் கீறும்போது கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. கரியும் எண்ணெயும் தடவித் துடைத்த பிறகே எழுத்து எழும்பும். கதீட்டர் வழியே அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்தும்போதும் அப்படித்தான் நாடிகள் கிளை கிளையாகத் தோன்றுகின்றன. ஆனால் சில நொடிகளில் இரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குள் எந்தக் கிளை கட்டிக்குப் போகிறது, எது பித்தப்பைக்கு, எது இரைப்பைக்கு என்று பிரித்தறிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரைபடமும் கிடையாது. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 1000 பேரின் ஈரல் நாடிகளைப் பார்த்தது. பாடநூலில் உள்ள அமைப்பு ஏறத்தாழ 76 சதவீதத்தினருக்கே இருந்தது.

எல்லாவற்றிலும் கடினமான கட்டம் மருந்தை விடுவது. டொக்சோரூபிசின் போன்ற மருந்தை, அபினிச் செடியின் விதையிலிருந்து எடுத்து அயோடின் ஏற்றிய எண்ணெயில் குழைத்து, சிரிஞ்சால் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். கட்டி நிறைய நிறைய, எதிர்ப்பு கூடும். அப்போது கொஞ்சம் வேகமாக அழுத்தினாலும் மருந்து பின்னோக்கி வழிந்து பக்கத்துக் கிளைக்குள் போகும். இரைப்பையில் புண் வரலாம், பித்தப்பை அழற்சி வரலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லும். ஆனால் நிறுத்த வேண்டியது பெருவிரல்.

அந்தப் பெருவிரலைப் பழக்கும் இடங்களில் ஒன்றுதான் சிமுலேட்டர். மேசை மேல் மனித உடல் வடிவில் ஒரு பெட்டி. தொடைப்பகுதியில் ஒரு துளை. அதற்குள் உண்மையான வயரையும் கதீட்டரையும் போன்ற கருவிகளை நுழைக்கிறார்கள். உள்ளேயுள்ள உணரிகள் எவ்வளவு தள்ளினீர்கள், எவ்வளவு திருப்பினீர்கள் என்று அளக்கின்றன. சிறு மோட்டார்கள் கைக்கு எதிர்ப்பைத் தருகின்றன. காலால் பெடலை மிதித்தால் திரையில் எக்ஸ்ரே போன்ற படம் வரும், கதிர்வீச்சு மட்டும் வராது. எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை முறை தவறான கிளைக்குள் போனது என்பதெல்லாம் பதிவாகும். சுவீடனின் மென்டிஸ், இஸ்ரேலில் தொடங்கிய சிம்பியோனிக்ஸ் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. நோயாளி ஒருவரின் சிடி ஸ்கேனையே ஏற்றி, சில சிகிச்சைகளை முன்கூட்டி ஒத்திகை பார்க்கும் வசதியும் வந்திருக்கிறது.

பலன் உண்டா? 2002இல் யேல் பல்கலைக்கழகம் 16 பயிற்சி வைத்தியர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. அது கதீட்டர் வேலையல்ல, சிறுதுளை வழியே பித்தப்பை அகற்றும் சத்திரசிகிச்சை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: கணினியில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள்; பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறிடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. 2004இல் அமெரிக்காவில் கழுத்து நாடிக்கான ஸ்டென்ட் அனுமதிக்கப்பட்டபோது, அதைப் பொருத்தும் வைத்தியர்களின் பயிற்சியில் சிமுலேட்டருக்கும் இடம் கிடைத்தது.

கணினிப் பொறி எல்லாவற்றையும் சொல்லித்தராது என்பதும் உண்மை. நோயாளியின் வலி அதில் இல்லை, பயம் இல்லை. எண்ணெயும் மருந்தும் குழைந்து பின்வழிவதை அப்படியே காட்டுவதும் அதற்குக் கடினம். இந்த இடத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இன்னொரு வகை: சிலிக்கோனில் வார்த்த ஈரல் நாடிகளும், அவற்றுக்குள் திரவத்தைச் சுற்றவிடும் ஒரு பம்பும். நிறமூட்டிய துகள்களைச் செலுத்தினால், அவை கட்டிக்குப் போயினவா, வழி தவறினவா என்று வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு இவற்றைச் செய்வது எளிதாகியிருக்கிறது. பேராதனை, மொறட்டுவை பொறியியல் மாணவர்களின் கைக்கு எட்டாத வேலையல்ல இது.

முன்பெல்லாம் இந்தக் கைத்திறன் ஆசானைத் தேடிப் போனால்தான் கிடைத்தது. இதய நாடியின் அடைப்பைக் கதீட்டர் வழியே விரிக்கும் அஞ்சியோபிளாஸ்டியை 1986இல் இந்தியாவில் முதன்முதலாகச் செய்த மத்தியூ சாமுவேல் களரிக்கல், அந்த முறையைக் கண்டறிந்த குருன்ட்ஸிக்கிடமே கற்றவர். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றினார். இலங்கையில் விசேட வைத்தியராகப் பயில்பவர்களும் ஒரு கட்டத்தில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். அது தேவைதான். அதற்கு முன்னமே, கொழும்போ கண்டியோ யாழ்ப்பாணமோ, பயிலும் இடத்திலேயே ஒரு சிலிக்கோன் மாதிரியின் மேல் வேண்டிய அளவு பிழைவிட்டுத் திருந்த அவர்களுக்கு வழியிருக்க வேண்டும். பட்டப்பின் மருத்துவப் படிப்பை நடத்துவோர் அதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்கட்டும்.

நீங்களும் தயங்காமல் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை என்றால், "டொக்டர், யார் செய்கிறார்கள்? பயிற்சியில் இருப்பவர் செய்தால் பக்கத்தில் மூத்தவர் நிற்பாரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நோயாளியின் உரிமை. நல்ல வைத்தியர் அதற்கு நின்று பதில் சொல்வார்.