ஆப்பும் வளையமும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போளூர் போகும் பாதை, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் போகிறது. வழியில் யாராவது கல் உடைத்தால் நின்றுவிடுவேன். உளியால் வரிசையாகக் குழி கொத்தி, குழிக்கு ஓர் ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். ஓசை மாறும். அப்புறம், ஆப்புக்கும் ஆப்புக்கும் நடுவே, உளியே படாத இடத்தில் பாறை விரியும்.

மும்பை மலபார் குன்றுக்கடியில் கடற்கரைச் சாலைக்காகச் சுரங்கம் குடைந்த ‘மாவளா’ இயந்திரம் செய்ததும் இதே வித்தைதான். அதன் முகம் 12.19 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு. நான்கு மாடி உயரம். தட்டில் பதித்த எஃகுச் சக்கரங்கள் பாறையை அறுப்பதில்லை, அழுத்தி உருள்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் தடங்களிலிருந்து கிளம்பும் விரிசல்கள் உள்ளே சந்தித்ததும் நடுக்கல் சில்லாகத் தெறிக்கிறது. முன்னால் அழுத்தத்தோடு நிரப்பிய களிமண் குழம்பு, சரிவைத் தாங்குவதோடு சில்லுகளையும் குழாய்வழியே வெளியேற்றுகிறது.

இவ்வளவு அழுத்த வேண்டுமானால் எங்கே காலூன்றுவது? இந்த இடம்தான் எனக்குத் தீராத வியப்பு. இயந்திரத்தின் வாலுக்குள்ளேயே வளைந்த கான்கிரீட் துண்டுகளைக் கோத்து வளையம் கட்டுகிறார்கள். கடைசித் துண்டு ஆப்பு வடிவம். அதைச் செருகியதும் வளையம் இறுகும். ஹைட்ராலிக் ஜாக்குகள் அந்த வளையத்தை உதைத்து, இயந்திரத்தை ஒரு வளைய அகலம் முன்னே தள்ளும். பிறகு அடுத்த வளையம்.

கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவும் இப்படித்தான், போகும் வழியெல்லாம் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான், 1825-ல் தேம்ஸ் ஆற்றடிச் சுரங்கத்தைத் தொடங்கிய மார்க் புரூனலுக்கு, குடைபவர்களைக் காக்கும் இரும்புக் கவசம் தோன்றியது என்பார்கள்.

நம் மலைக்கு மாவளா போன்ற இயந்திரம் ஏறுவது கடினம். பகுதி பகுதியாக ஏற்றினாலும் ஒவ்வொன்றும் கொண்டை ஊசி வளைவில் திரும்ப வேண்டும். குட்டைச் சுரங்கத்துக்குச் செலவும் கட்டாது. 1895-ல் பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பிய சுரங்கம், துளையிட்டு வெடிவைத்துக் குடைந்தது.

மாவளா 2021 ஜனவரியில் புறப்பட்டு, 2.07 கிலோமீட்டர் குடைந்து, 2022 ஜனவரியில் மறுபுறம் வந்தது. வந்த வழியே திரும்ப முடியாது: கட்டி முடித்த சுரங்கத்தின் உள்விட்டம் 11 மீட்டர்தான். ஆகவே வெளிவந்த பள்ளத்திலேயே அதைத் திருப்பி நிறுத்தி, இரண்டாம் சுரங்கத்தைக் குடையவிட்டார்கள். 2023 மே 30 அன்று, கிளம்பிய பக்கத்துக்கே அது வந்து சேர்ந்தது.