வரைபடம் வாசிக்கும் கணினி

வீட்டு வயரிங் வரைபடத்தில் எழுத்துகள் குறைவு, குறிகளே அதிகம். வட்டத்துக்குள் பெருக்கல் அடையாளம் இருந்தால் மின்விளக்கு. சிறு வட்டமும் அதிலிருந்து புறப்படும் சாய்கோடும் ஆளி. சாய்கோட்டின் நுனியில் ஒரு சிறு கோடு இருந்தால் ஒருதுருவ ஆளி, இரண்டு இருந்தால் இருதுருவ ஆளி. இருதுருவ ஆளி உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு அதுவே பாதுகாப்பு. ஆகவே அந்தச் சின்னக் கோட்டை அற்பமாக நினைக்க முடியாது.

என் வாப்பா வயரிங் வேலை செய்பவர். இப்போது அமிர்தகழிப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் வேலை. கூலி பொயின்ட் கணக்கு. வரைபடத்தை விரித்து, குறிகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடையாளமிட்டு எண்ணித்தான் விலை சொல்வார். எண்ணிக்கை குறைந்தால் நட்டம் அவருக்கு. கூடினால் வேலை வேறொருவருக்கு. இந்த எண்ணும் வேலையைக் கணினியிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான மாதிரிப் படங்களைக் காட்டி, "இது விளக்கு, இது ஆளி" என்று கணினியைப் பழக்குகிறார்கள். சரிந்த குறி, மங்கிய குறி, மேலே வேறொரு கோடு ஓடும் குறி எல்லாவற்றையும் காட்ட வேண்டும். சட்டைப் பையில் மடித்துத் திரிந்த வரைபடமும் வரும் அல்லவா!

சிக்கல் அளவில் தொடங்குகிறது. ஏ1 தாள் 594 மி.மீ. அகலமும் 841 மி.மீ. நீளமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 7 கோடிப் புள்ளிகள். அதில் 8 மி.மீ. குறி சுமார் 94 புள்ளி நீளம். முழுத் தாளையும் 640 புள்ளி நீளத்துக்குச் சுருக்கிக் கொடுத்தால் அதே குறி 6 புள்ளியாகிவிடும். ஒரு கோடா, இரண்டு கோடா என்று யார் சொல்வது? அதனால் தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறார்கள். வெட்டும் இடத்தில் குறி பாதியாகாமல் இருக்க, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்க வேண்டும்.

இன்னொன்று: குறிகள் எங்கும் ஒன்றல்ல. தடையியை ஐ.ஈ.சி. நியமம் செவ்வகமாக வரைகிறது. அமெரிக்க வழக்கில் அது நெளிகோடு. மனிதர் முதலில் தாளின் மூலையிலுள்ள குறிவிளக்க அட்டவணையைப் பார்ப்பார். பழகிய குறிகளை மட்டும் தேடும் கணினி அதைப் பார்க்காது.

கணினி சந்தேகப்படும் குறியைக் கட்டமிட்டுக் காட்டச் செய்யலாம். அறவே காணாமல் விட்ட குறியைச் சுற்றி எந்தக் கட்டமும் வராது. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இங்கே இலக்கணம் உதவும். பொங்கல் நாளில் அமிர்தகழி வாசல்களில் காணும் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. 1974இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோல வடிவங்களைக் கணினிக்குரிய விதிகளாக எழுதிக் காட்டினர். அதன் ஆசிரியர் மூவரில் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரும் பெண்கள் என்பதை எங்கள் மாணவிகள் அறிய வேண்டும். வயரிங் வரைபடத்துக்கும் அப்படி விதி எழுதலாம்: ஆளியிலிருந்து புறப்படும் கோடு ஒரு விளக்கில் முடிய வேண்டும். வெறும் இடத்தில் முடிந்தால் அங்கே ஒரு விளக்கு விடுபட்டிருக்கலாம், திரும்பத் தேடு.

பிளக் பொயின்ட்டுகளைப் பல வரைபடங்களில் கோட்டால் இணைப்பதில்லை. அவை விடுபட்டால் இந்த விதியும் பிடிக்காது; அவற்றைக் கையால்தான் எண்ண வேண்டும்.