காலிக் கோட்டை: மதில் கட்டியவர்கள் போனார்கள், பாங்கு சொன்னவர்கள் இருந்தார்கள்

புளியறை சோதனைச்சாவடியைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக இறங்கினால் பாதை கொல்லத்தில் கடலைத் தொடுகிறது. கொல்லத்துக்குப் போன நம்மூர்க்காரர்களில் பலர் தங்கசேரி லைட் ஹவுஸைப் பார்த்திருப்பார்கள். அதன் பக்கத்தில் செடி மூடிக் கிடக்கும் சுவர்தான் 1519-ல் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம். கோட்டையும் போயிற்று, அதற்குள் இருந்த ஊரும் போயிற்று. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

அதே போர்த்துக்கீசியர் தொடங்கி, அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் விரித்துக் கட்டிய இன்னொரு கடற்கரைக் கோட்டை, உள்ளே தெருக்களும் வீடுகளும் பள்ளிவாசலும் மதரஸாவுமாக இன்னும் உயிரோடு இருக்கிறது. இலங்கையின் தென்கோடியில் உள்ள காலிக் கோட்டை அது. தென்காசி வட்டாரத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காலிக்குப் போகிற சிலரும் மதில் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு முஸ்லிம் பயணிக்கு அங்கே அதைவிட அதிகம் இருக்கிறது.

கோட்டைக்கு முன்பே காலி இருந்தது. 1344-ல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆதம் மலைக்குப் போய்விட்டு, தெற்கே தேவேந்திரமுனை வழியாகக் 'காலி' என்ற ஊருக்கு வந்ததாகவும், நாகுதா இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம் இடத்தில் தங்கவைத்து விருந்தளித்ததாகவும் எழுதுகிறார். கொல்லத்தையும் பார்த்து எழுதியவர்தான் அவர். ஐரோப்பியர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கடலோரத்தில் நம் சமூகத்தார் வீடும் கப்பலுமாக வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி கல்லில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. அவரே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409 தேதியிட்ட அந்தக் கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற தேவேந்திரமுனைக் கோயில் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எனக் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் யாரெல்லாம் வணிகம் செய்தார்கள் என்பது அந்த மூன்று மொழிகளிலேயே தெரிந்துவிடுகிறது. 1911-ல் காலியில் ஒரு வாய்க்கால் மூடிக் கல்லாகக் கிடந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குப் போகும் முன் கொழும்பில் அரை நாள் ஒதுக்கி இதைப் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டுப் போனால் காலியே வேறு மாதிரி தெரியும்.

இனி கோட்டைக்கு வருவோம். போர்த்துக்கீசியர் 1588-ல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். இலங்கையில் இவர்களை ஒல்லாந்தர் என்பார்கள். இன்று நாம் பார்க்கும் மதிலில் பெரும்பகுதி அவர்கள் கைவேலை. 14 கொத்தளங்கள், உள்ளே சுமார் 52 ஹெக்டேர் ஊர். 1796-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1988-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பேருந்திலோ ரயிலிலோ வந்து இறங்கினால் எதிரே தெரியும் பெரிய வாசல் பிற்காலத்தில் ஆங்கிலேயர் திறந்தது. அதன் வழியாக நுழையாமல், சற்று நடந்து துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாசலுக்குப் போங்கள். அதன் வெளிப்புறத்தில் ஆங்கிலேய அரச முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என ஒரே வாசலில் இரண்டு அதிகாரங்கள் தம் பெயரை வெட்டி வைத்துவிட்டு இருவருமே போய்விட்டார்கள்.

மதில் மேல் நடப்பதற்கு அஸருக்குப் பிந்திய நேரம்தான் சரி. நண்பகலில் நிழல் கிடையாது. நிலத்தைப் பார்த்த பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று கொத்தளங்கள். அவற்றின் மேலிருந்து கீழே கிரிக்கெட் மைதானம் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மைதானமும் பேருந்து நிலையமும் நீரில் மூழ்கின. வெளியே காலி நகரம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தபோது, மதிலுக்குள் இருந்தவர்களுக்குப் பெரிய சேதம் இல்லை. பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய சுவர் கடலைத் தடுத்தது. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கொடிப்பாறை அருகே, பணம் கொடுத்தால் மதிலிலிருந்து கடலில் குதித்துக் காட்டுவதாக இளைஞர்கள் கேட்பார்கள். கீழே பாறை. வேடிக்கைக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நாம் காசு தரவேண்டுமா என்று யோசியுங்கள்.

மஃரிபுக்குள் லைட் ஹவுஸ் பக்கம் வந்துவிடுங்கள். அதற்கு எதிரேதான் மீரான் ஜும்ஆ பள்ளிவாசல். வெள்ளை வெளேரென்று இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் கட்டடத்தைப் பார்த்துச் சர்ச் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு. 1904-ல் கட்டப்பட்டது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1885 வாக்கில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்ததும் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டன. கப்பல் போனதும் ஐரோப்பியக் கம்பெனிகளும் கிளம்பின. துறைமுகம் படுத்துவிட்ட ஊரில் விலைபோகாத அந்தப் பெரிய வீடுகளை வாங்கிக் குடியேறியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். மாணிக்கக்கல் வியாபாரமும் கடைகளும் நடத்தினார்கள். 1892-ல் கோட்டைக்குள் பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தொடங்கியது. 1924-ல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உருவானதும் அந்தக் கல்லூரியில்தான். டச்சுக்காரர்கள் காலத்தில் முஸ்லிம் சில்லறை வணிகர்களின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு தெரு உண்டு. இன்று அதற்குப் பெட்லர் தெரு என்று பெயர். தங்கள் வணிகத்தை ஒடுக்கியவர்கள் கட்டிய கோட்டைக்குள், அவர்கள் போன பின் விளக்கேற்றி வைத்தது இந்தச் சமூகம். தங்கசேரிக்கு வாய்க்காதது இதுதான்.

தொழுகை விஷயத்தில் சில நடைமுறைகள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். நம் பகுதியில் ஹனபிகளும் இருக்கிறோம், ஷாஃபிஈகளும் இருக்கிறோம். ஹனபிகளுக்கு அஸர் பாங்கு சீக்கிரம் கேட்பதாகத் தோன்றும். ஃபஜ்ரில் குனூத் ஓதுவார்கள்; பின்னால் நிற்கும் ஹனபி அமைதியாக நின்றால் போதும். கஸ்ர், ஜம்உ பற்றி உங்கள் மத்ஹபின் சட்டத்தைப் புறப்படும் முன்பே ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் தொழ இடம் உண்டா என்பதைப் போகும் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை போக முடிந்தால் ஜும்ஆவை அங்கே தொழுங்கள்.

பேச்சுக்குத் தடையில்லை. வீட்டுமொழி தமிழ்தான், சிங்களமும் சரளமாக வரும். மூத்த சகோதரரை 'நானா' என்பார்கள். 'தாத்தா' என்று யாராவது கூப்பிட்டால் கிழவரைத் தேடாதீர்கள். அது அக்காவுக்கு அவர்கள் சொல்லும் முறை. வாப்பாவும் உம்மாவும் நம்மைப் போலவே.

சாப்பாட்டில் மட்டும் கவனம். கோட்டைக்குள் இப்போது திறந்திருக்கும் பகட்டான உணவகங்கள் பலவற்றில் மதுவும் பரிமாறுகிறார்கள். கேட்டு உறுதிசெய்துகொண்டு உட்காருங்கள். குடும்பத்தினர் நடத்தும் சிறிய கடைகள் இருக்கின்றன. இடியப்பம், மீன் ஆணம், கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்த வட்டலப்பம் ஆகியவற்றை விடவேண்டாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வட்டலப்பம் சாப்பிட்டவர்கள் எது உசத்தி என்று சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பங்கள்தான் இப்போது குறைந்துகொண்டிருக்கின்றன. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கோட்டை வீடுகளின் விலை எக்கச்சக்கமாக ஏறியது. வெளிநாட்டவரும் கொழும்புப் பணக்காரர்களும் வாங்கி ஹோட்டலும் பொட்டிக் கடையும் ஆக்கினார்கள். வாரிசுகள் பலர், வீடு ஒன்று என்றால் விற்றுப் பங்கு பிரிப்பதுதான் எளிது. விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. உலக மரபுச் சின்னத்துக்குள் ஓர் ஓடு மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும், செலவும் அதிகம். ஆனால் வீடு விற்றவர் மதிலுக்கு வெளியே குடிபோனால், ஃபஜ்ருக்கு நடந்து வருகிறவர் ஒருவர் குறைகிறார்.

ஆகவே ஓர் இரவாவது கோட்டைக்குள் தங்குவதானால், அங்கேயே வாழும் குடும்பங்கள் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவதைத் தேடிப் பிடியுங்கள். ஹோட்டலைவிட மலிவு, ஊர்க்கதையும் கிடைக்கும். மாணிக்கக்கல் வாங்குவதென்றால் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள், விற்பவர் நம்மவர் என்றாலும் சரி.

புளியறையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மதுரை அதைவிடத் தூரம். கொழும்பு சேர்ந்தபின் காலிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலைப் பேருந்து வேகம். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் போங்கள், போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். வழி நெடுகக் கடல் அந்தப் பக்கம்தான்.