வேட்பாளரின் இனமும் வன்னி வாக்காளரின் தெரிவும்

தன் இனத்தான் ஒருவன் தேர்தற் களத்தில் நிற்பானாயின் அவ்வினத்தார் அனைவரும் அவனுக்கே வாக்களிப்பர் என்பது பலரும் எளிதிற் கொள்ளும் கருத்தாகும். சிறுபான்மை மக்களின் வாக்கை நாடும் கட்சிகள் பல வேளைகளில் இக்கருத்தை நம்பியே வேட்பாளரைத் தெரிந்தெடுக்கின்றன. எதிர்பார்த்த வாக்குக் கிட்டாதொழியின், அம்மக்கள் இனப்பற்றை இழந்தனர் என ஒரு சாராரும், தம் இனக் கோரிக்கைகளையே கைவிட்டனர் எனப் பிறிதொரு சாராரும் முடிவு கட்டுவர். இவ்விரு முடிபுகளும் பொருந்துவனவா என ஆராய்தற்கு வன்னிப் பெருநிலத்தின் தேர்தல் வரலாறு ஏற்றதோர் உரைகல்லாகும்.

ஆராயப் புகுமுன் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்னும் மூன்று நிருவாக மாவட்டங்களை உள்ளடக்கியது. கிளிநொச்சி நிலத்தால் வன்னியைச் சேர்ந்ததாயினும் தேர்தற் கணக்கில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆதலின் ‘வன்னியின் முடிவு’ என வெளியாகும் எண்களிற் கிளிநொச்சியின் குரல் அடங்குவதில்லை. மன்னாரின் குரல் அடங்கும். மேலும், இம்மாவட்டத்தில் தமிழரோடு முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். தமிழருள்ளும் குளத்தையும் வயலையும் நம்பி வழிவழி வாழ்ந்த பழங்குடியினர் ஒரு சாரார். குடாநாட்டிலிருந்து விளைநிலம் நாடி வந்தோர் மற்றொரு சாரார். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களின் பின் மலைநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்து குடியேறியோர் இன்னொரு சாரார். இனம் ஒன்றேயாயினும் வாழ்க்கை நிலை ஒன்றன்று. இவ்வேறுபாடு வாக்கிலும் புலப்படுதல் இயல்பே.

முதலிற் பாராளுமன்றத் தேர்தல்களை நோக்குதல் தகும். 1947இல் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்றவர் கணிதப் பேராசிரியராய் விளங்கிய சி. சுந்தரலிங்கம். டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராய் இருந்த அவர், இந்திய வமிசாவளியினரின் குடியுரிமை பற்றிய சட்ட முயற்சியோடு உடன்பட இயலாமையால் 1948இற் பதவி துறந்தார். 1952இலும் மக்கள் அவரையே தெரிந்தனர். 1956இல் தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் பெருவெற்றி ஈட்டிய வேளையிலும் வவுனியா அவரைக் கைவிடவில்லை. பின்னர் அவர் தமிழர்க்குத் தனி ஈழம் வேண்டும் என வெளிப்படையாகக் கூறிய முன்னோடிகளுள் ஒருவரானார். ஆயின் 1960 மார்ச்சுத் தேர்தலில் தா. சிவசிதம்பரத்திடம் தோல்வியுற்றார். இனக் கோரிக்கையின் உரப்பு மாத்திரம் வெற்றியைத் தருமாயின் இத்தோல்வி நிகழ்ந்திராது. முதன்மைப் போட்டியாளர் தமிழராகவே இருந்த தொகுதியில், ‘எவ்வினத்தவர்’ என்னும் வினா எழவில்லை. ‘இவருள் எவர்’ என்னும் வினாவே எழுந்தது.

1977இல் நிலை வேறாயிற்று. வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி மக்களிடம் ஆணை கேட்டது. வவுனியாவில் தா. சிவசிதம்பரமும், முல்லைத்தீவில் எக்ஸ். எம். செல்லத்தம்புவும், கிளிநொச்சியில் வீ. ஆனந்தசங்கரியும் அக்கூட்டணியின் சார்பில் வென்றனர். முன்னர் வெவ்வேறு அணிகளில் நின்றோர் ஓரணியாய் வந்தபோது இனவுணர்வு வாக்காகத் திரண்டது என்பதற்கு இது சான்று. ஒற்றுமையான அமைப்பும், தெளிவான கோரிக்கையும், வெல்லக்கூடிய ஆசனமும் ஒருங்கு கூடிய இடத்தில் இன அடையாளம் வலிமை பெறுகின்றது.

இனி, நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும் சனாதிபதித் தேர்தலை நோக்குவோர் முற்றிலும் வேறான காட்சியைக் காண்பர். 1982இல் நடந்த முதலாவது சனாதிபதித் தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டார். தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளர் எவரையும் நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 40 வாக்குப் பெற்று அவர் முதலிடம் பெற்றார். வன்னியிலோ அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ நூற்றுக்கு 16 மாத்திரமே. அங்கு முதலிடம் பெற்றவர் ஜே. ஆர். ஜயவர்த்தன, அடுத்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ.

2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பினால் அவர்தம் ஆட்சிக்குட்பட்டிருந்த வன்னிப் பகுதிகளில் வாக்களிப்பு நடைபெறவில்லை என்றே கூறலாம். நாடளாவிய வெற்றி வேறுபாடோ 2 இலட்சம் வாக்குகளுக்கும் குறைவு. அளிக்கப்படாத வாக்கும் ஆட்சியாளரைத் தீர்மானிக்கும் என்பதை அத்தேர்தல் உணர்த்திற்று.

2010 சனவரித் தேர்தல் மேலும் சிந்திக்கத் தக்கது. போர் முடிந்து எட்டுத் திங்களே கழிந்திருந்தன. வன்னி மக்களுட் பலர் முகாம்களில் இருந்தனர். பலர் அப்போதுதான் சிதைந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். களத்தில் தமிழராகிய எம். கே. சிவாஜிலிங்கம் நின்றார். போரை நடத்திய அரசின் தலைவரும், அப்போரிற் படைக்குத் தலைமை தாங்கிய சரத் பொன்சேகாவும் முதன்மைப் போட்டியாளராயினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. வாக்களித்தோர் தொகை குறைவாயினும், வன்னியில் அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரு பங்கு பொன்சேகாவுக்கே சென்றது. சிவாஜிலிங்கம் நாடு முழுவதிலும் பெற்றவை 10 ஆயிரத்தை எட்டவில்லை. படைத்தலைவர் மீது கொண்ட அன்பினால் அவ்வாக்கு விழுந்தது என எவருங் கூறார். ஆட்சியிலிருந்தோரை அகற்றும் கருவியாகவே மக்கள் அதனைப் பயன்படுத்தினர். 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு நூற்றுக்கு 78 அளவிலும், 2019இற் சஜித் பிரேமதாசவுக்கு நூற்றுக்கு 82 அளவிலும் வன்னி வாக்களித்தமை இந்நோக்கின் தொடர்ச்சியே. 2019இல் மீண்டும் நின்ற சிவாஜிலிங்கம் நாடு முழுவதிலும் 12,256 வாக்குகளையே பெற்றார். அதே தேர்தலிற் கிழக்கின் முஸ்லிம் தலைவரான எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாவும் 40 ஆயிரம் வாக்குகளைத் தொடவில்லை. ஆதலின் இது தமிழர்க்கு மாத்திரம் உரிய இயல்பன்று.

2024 செப்டெம்பர்த் தேர்தலில் இவ்வினா கூர்மையடைந்தது. மட்டக்களப்பின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன், கட்சிகளும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்திற் போட்டியிட்டார். நாடு முழுவதும் 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343 வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. 2019இல் தனித்து நின்ற தமிழ் வேட்பாளர் பெற்றதைப் போல 18 மடங்கு இது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பெற்று, முதலிடம் பெற்ற சஜித் பிரேமதாசவை அவர் நெருங்கினார். வன்னியிலோ சஜித் பிரேமதாச நூற்றுக்கு 44 அளவிலும், ரணில் விக்கிரமசிங்க 24 அளவிலும் பெற, அரியநேத்திரன் ஏறத்தாழ 17 பெற்று மூன்றாமிடத்தில் நின்றார். 1982இன் எண்ணுக்கும் இவ்வெண்ணுக்கும் இடையே 42 ஆண்டுகள் கழிந்தன. ஒரு பெரும்போர் வந்து சென்றது. ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறை எழுந்தது. எண் மாத்திரம் பெரிதும் மாறவில்லை.

இதன் காரணம் யாது? வாக்கு வீணாகும் என்னும் அச்சமே காரணம் என்பர் சிலர். இலங்கைச் சட்டப்படி சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என மூவரை விருப்ப வரிசையிற் குறிக்கலாம். முதல் விருப்பைத் தம் இனத்தவர்க்கும் இரண்டாம் விருப்பை வெல்லக்கூடியவர்க்கும் அளித்தல் இயலும். 2024இலேதான் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படவும் நேர்ந்தது. ஆயினும் பெரும்பாலோர் அவ்வழியை நாடவில்லை. ஒற்றைப் புள்ளடி இடும் பழக்கம் ஊறிய இடத்திற் சட்டம் தரும் வாய்ப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடுகின்றது.

மற்றொரு காரணம் ஒற்றுமையின்மை. 2024 செப்டெம்பர் 1ஆம் நாள் வவுனியாவிற் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதே கட்சியைச் சேர்ந்த கிளிநொச்சித் தலைவர் சி. சிறீதரன் பொது வேட்பாளரை ஆதரித்தார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் புறக்கணிக்குமாறு வேண்டிற்று. ‘பொது’ என்னும் பெயர் இருந்தது, பொதுமை இல்லை. வழிகாட்டுவோர் மூன்று திசையைக் காட்டியபோது மக்கள் தத்தம் பட்டறிவையே வழிகாட்டியாகக் கொண்டனர்.

யாவற்றினும் ஆழமான காரணம் பதவியின் இயல்பாகும். பாராளுமன்ற உறுப்பினர் தம் குரலாய் ஒலிக்க வேண்டியவர் என மக்கள் கருதுகின்றனர். ஆங்கு இனம் பெரிதும் நோக்கப்படுகின்றது. ரிஷாட் பதியுதீன் 2001 முதல் வன்னியிலிருந்து தொடர்ந்து தெரிவாகி வருதற்கு முஸ்லிம் மக்களின் இத்தகைய ஆதரவே அடிப்படை. சனாதிபதியோ தம்மை ஆளப்போகின்றவர். தம் இனத்தவர் அப்பதவியை எய்தார் எனத் தெரிந்திருக்கையில், வருபவருள் எவரால் தமக்குத் தீங்கு குறையும் என்பதே மக்களின் அளவுகோலாகின்றது.

பிற நாட்டு வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2008இல் பராக் ஒபாமா கறுப்பின மக்களின் வாக்கில் நூற்றுக்கு 95 அளவிற் பெற்றார். எனினும் 2004இல் அதே கட்சியின் வெள்ளை இன வேட்பாளர் ஜோன் கெரியும் 88 அளவிற் பெற்றிருந்தார். ஒபாமாவையும் அம்மக்களுட் பலர் தொடக்கத்தில் ஐயத்தோடே நோக்கினர். 2008 சனவரியில் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் அயோவா மாநிலத்தில் அவர் வென்று, வெற்றி கைகூடும் எனக் காட்டிய பின்னரே அவர்பாற் பெருந்திரளாகச் சேர்ந்தனர். 2006இல் மேரிலாந்து மாநிலத்திற் குடியரசுக் கட்சி நிறுத்திய கறுப்பினத்தவரான மைக்கேல் ஸ்டீலுக்கோ அம்மக்களின் வாக்கில் நாலிலொரு பங்கே கிட்டிற்று. முகம் தம்முடையதாயினும் கொள்கை தம்முடையதன்றெனின் மக்கள் விலகுவர்.

2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்களில் இரண்டைப் பெற்றுத் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. இரண்டு திங்களுக்கு முன் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க அங்கு நூற்றுக்கு 10ஐ எட்டியதில்லை. ஆட்சி அவர் கைக்கு வந்துவிட்டது என்பதும், அக்கட்சியின் பட்டியலிற் தமிழரும் இருந்தனர் என்பதும், பழைய கட்சிகள் சிதறி நின்றன என்பதும் சேர்ந்தே இம்மாற்றத்தை விளைத்தன. ஆனால் 2025 மேயில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் தலைநிமிர்ந்தது. அதே மக்கள், அதே ஊர்கள். பதவி வேறு, ஆதலின் தெரிவும் வேறு.

இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, வேட்பாளரின் இனம் வாக்காளரின் செவியைத் திறக்கும். உளத்தை வெல்வதற்கு அதன்மேலும் வேண்டுவன பல எனத் துணியலாம். சிங்கள வேட்பாளர்க்கு வாக்களித்தமையாற் வன்னி மக்கள் தம் குறைகளை மறந்தாரல்லர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டம் அரசுகள் பல மாறியும் விடை காணாது நீண்டது. கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்காக வீதியிற் கிடந்ததும் அதே ஆண்டிலேதான். வாக்கெண்ணிக்கையை மாத்திரம் நோக்கி ‘வன்னி மனம் மாறிற்று’ எனக் கொழும்பு கருதுமாயின் அது பெரும்பிழை. தம் இனத்தவர்க்கு வாக்களியாமையை இனத்துரோகம் எனத் தமிழ்த் தலைவர்கள் கூறுவாராயின் அதுவும் பிழையே.

திருக்குறள் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தில், நம்பத்தக்கார்க்குக் குடிப்பிறப்பை ஓர் இலக்கணமாகக் கூறும் வள்ளுவர், அதனோடு குற்றத்தினின்று நீங்குதலையும் பழிக்கு அஞ்சும் நாணத்தையும் சேர்த்தே கூறுகின்றார். பிறப்பைக் கூறி வாக்குக் கேட்போர் ஏனைய இலக்கணங்களையும் தம்பாற் காட்டுதல் வேண்டும். அவை இல்லாவிடத்து வன்னி உழவன் தன் வாக்கை விதைநெல்லைப் போற் பேணி, முளைக்கும் எனத் தான் நம்பும் நிலத்திலேயே இடுவான்.